மீன் ஃப்ரெஷ், கடை சுத்தம், ஆனா அந்த "தாய்-சேய் பேக்" மட்டும் வாங்காதீங்க

மூணு மாசமா வாரம் தவறாம வாங்கிட்டு இருக்கேன், இப்பதான் எழுத நேரம் கெடச்சுது. தர்மபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டுல புதுசா வந்திருக்க கடல் மீன் கடை பத்திதான் இது. பேரு போடல. பாதி பாராட்டி பாதி திட்டப்போறேன், அதுல அந்த ஓனர் அண்ணன் பொழப்பு கெடக்கூடாது, மனுஷன் நல்லவரு. ஊர்க்காரங்களுக்கு எந்த கடைன்னு தெரிஞ்சிரும், கண்ணாடி கதவு, நீல போர்டு, வாசல்ல எப்பவும் நாலு பைக்கு.

மார்க்குன்னு கேட்டா மீனுக்கு 5க்கு 4.5, சுத்தத்துக்கு 5க்கு 5, டோர் டெலிவரிக்கு 2, பாதரசம் ஏறுற பெரிய மீனா அடுக்கி கர்ப்பிணிகளுக்குன்னு விக்கற அந்த பேக்குக்கு ஜீரோ.

முதல்ல நல்லது சொல்லிடறேன். நம்ம ஊருக்கும் கடலுக்கும் எவ்ளோ தூரம்னு உங்களுக்கே தெரியும். நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப கடல் மீன்னா சந்தைப்பேட்டைல கருவாடுதான், இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டில பொட்டி கட்டிட்டு வர்றவரு, அவருகிட்ட ஐஸ் கரைஞ்சு போன சங்கரா, கண்ணு வெள்ளையா பூத்துப்போய் கிடக்கும், எங்கம்மா அதைப் பாத்துட்டு "இது செத்து பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும்"னு சொல்லி அனுப்பிரும். அம்மா கடலூர் முதுநகர் பொண்ணு, கல்யாணமாகி இங்க வந்துச்சு, நாப்பது வருஷமா இந்த ஊரு மீன் மேல ஒரே குறைதான். அப்பேர்ப்பட்ட அம்மாவே இந்த கடைக்குள்ள நுழைஞ்சு ஒரு அயிலைய தூக்கி செவுள விரிச்சு பாத்துட்டு, வயித்துல கட்டைவிரல அமுக்கி பாத்து, பள்ளம் விழாம மேல வந்ததும், ஒண்ணும் பேசாம கூடையில போட்டுச்சு. அதுதான் அம்மாவோட ஃபைவ் ஸ்டாரு.

லோடு எங்கிருந்து வருதுன்னு தினமும் ஒரு சிலேட்டுல எழுதி வைக்கிறாங்க, நாகப்பட்டினம், கடலூர், காசிமேடு, சில நாள் மங்களூரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம பக்கம் கடல்ல தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகு போகாது, அப்ப நாகப்பட்டினம் வஞ்சிரம்னு ஒருத்தன் அடிச்சு வித்தான்னா கொஞ்சம் யோசிக்கணும், ஆனா இந்த கடைல அந்த நேரத்துல நேர்மையா "மேற்கு கடல் சரக்கு, விலை கூடுதல்"னு எழுதி வச்சிருந்தாங்க. எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. வெட்டுற தம்பி ஒருத்தன் இருக்கான், இருபது வயசு இருக்கும், நெத்திலிய தலைய கிள்ளி குடல உருவுற வேகத்தைப் பாத்துட்டே நின்னா நம்ம வாங்க வந்தது மறந்துரும். ஒவ்வொரு கஸ்டமருக்கும் பலகைய கழுவிட்டுதான் அடுத்தது. ஈ கிடையாது. கெட்ட வாடை கிடையாது.

ஓனர் அண்ணன்கிட்ட ஃபார்மலின் டெஸ்ட் பேப்பர் இருக்கு, ஃபார்மலின்னா பொணம் கெடாம இருக்க போடுற மருந்து. 2018ல கேரளால ஃபார்மலின் போட்ட மீன் டன் கணக்குல மாட்டுச்சே, அந்த சமயத்துல கொச்சில இருக்க மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் கண்டுபிடிச்சு குடுத்த மாதிரி பேப்பரு, மீன் மேல தேய்ச்சு ஒரு சொட்டு மருந்து விட்டா கலர் மாறுதா இல்லையான்னு பாக்கலாம். யாரு கேட்டாலும் முகம் சுளிக்காம செஞ்சு காட்றாரு. "அக்கா, நம்ம கடைல கெமிக்கலே கிடையாது, நீங்க கண்ணை மூடிட்டு சாப்பிடலாம்"னு சொல்வாரு. ஃபார்மலின் வரைக்கும் அவரு சொல்றது நெசம். அதுக்கு மேலதான் வம்பு.

என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அஞ்சாம் மாசமே வந்துட்டா, மாப்பிள்ளைக்கு ஓசூர்ல ஷிஃப்ட் வேலை, தனியா இருக்க வேணாம்னு. அவளுக்காகத்தான் இந்த கடைக்கே போக ஆரம்பிச்சோம். ஒரு நாள் ஃபிரிட்ஜ் கண்ணாடில பெருசா ஒரு ஸ்டிக்கரு, குழந்தை படம் போட்டு, "தாய்-சேய் ஸ்பெஷல் பேக், ஆழ்கடல் மீன்கள், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் சிறந்தது, கெமிக்கல் இல்லை", விலை 899. உள்ள என்னன்னா பால் சுறா கால் கிலோ, வஞ்சிரம் கால் கிலோ, சூரை கால் கிலோ. மூணும் துண்டு போட்டு, வரிசையா தட்டுல அடுக்கி, மேல பிளாஸ்டிக் இழுத்து ஒட்டி, பாக்க அவ்ளோ அழகு.

இந்த மூணையும் ஒரே தட்டுல வச்சு வயித்துப்புள்ளக்காரிக்குன்னு விக்கிறதுதான் என் ஒரே சண்டை. ஊர்ல அவ்ளோ மீன் இருக்கு, தேடிப்பிடிச்சு பாதரசம் அதிகமா ஏறுற ரகமா பாத்து எடுத்து வச்ச மாதிரி இருக்கு. வேணும்னு செய்யல, வெல கூடுன மீனுன்னா சத்து கூடுதல்னு எல்லாரும் நெனைக்கிற மாதிரிதான் அவரும் நெனச்சிருக்காரு.

நான் கொஞ்ச வருஷம் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாத்தவ. அதனால பிபிஎம்ங்கற வார்த்தை எனக்கு உப்பு புளி மாதிரி, பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதாவது கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம். நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு இதை புரிய வைக்க ரொம்ப மெனக்கெட வேணாம், நம்ம பல்லே சாட்சி. போர் தண்ணி தெளிவா இருந்துச்சு, ருசியாவும் இருந்துச்சு, ஒரு வாடை கிடையாது, ஆனா ஃப்ளோரைடு 1.5 பிபிஎம் தாண்டி இருந்துச்சு, பல்லு காவி ஏறி, வயசானவங்களுக்கு முட்டி மடங்காம போச்சு. 2013ல ஒகேனக்கல் தண்ணி வந்தப்பறம்தான் மூச்சு விட்டோம். காய்ச்சுனா ஃப்ளோரைடு போயிருமான்னு எங்க லேபுக்கு வந்து கேக்காத ஆளு கிடையாது. போகாது, தண்ணி வத்தி இன்னும் கூடத்தான் செய்யும். மீன்ல பாதரசமும் அதே கதைதான். செவுள விரிச்சா தெரியாது, மோந்தா தெரியாது, ஃபார்மலின் பேப்பர்ல தெரியாது, மஞ்சள் போட்டு கழுவுனாலும் எலுமிச்சை பிழிஞ்சாலும் குழம்பு கொதிச்சாலும் பொரிச்சாலும் போகாது, ஏன்னா அது தோல்லயோ குடல்லயோ ஒட்டிட்டு இருக்கறதில்ல, சதையோட புரதத்துலயே கோத்துட்டு இருக்கு. கருவாடா காய வச்சா தண்ணி மட்டும்தான் போகும், அதனால கிராமுக்கு கிராம் கூடும்.

எப்படி ஏறுதுன்னா, நிலக்கரி எரிக்கிற புகைலயும், ஆத்து மண்ண கரைச்சு தங்கம் எடுக்கறவங்க பாதரசம் ஊத்தி பிரிக்கிறதுலயும், எரிமலைலயும் கிளம்புற பாதரசம் காத்துல சுத்தி கடல்ல விழுது. கடல்ல இருக்க சில பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமா மாத்துது, அதுதான் விஷம். அதை பாசி எடுத்துக்குது, பாசிய தின்ன பூச்சிய நெத்திலியும் அயிலையும் தின்னுது, அதுங்கள வஞ்சிரம், வஞ்சிரத்த சுறா. ஒவ்வொரு படிக்கும் சேந்துக்கிட்டே போகும், வெளிய போறது ரொம்ப மெதுவா. நம்ம ஊர் கந்துவட்டி மாதிரி, கடைசியா நிக்கறவன் தலைல மொத்தமும். சுறா வேற மெதுவா வளந்து ரொம்ப வருஷம் வாழுற சாதி, அதனால வாழ்நாள் பூரா சேத்து வச்சிருக்கும். நெத்திலிக்கு ஆயுசே கம்மி, சேக்கறதுக்கு நேரமே கிடையாது.

அமெரிக்காவுல எஃப்டிஏன்னு உணவு, மருந்து பாக்கற அரசாங்க அமைப்பு, அவங்க ரொம்ப வருஷமா மீன் மீனா டெஸ்ட் பண்ணி சராசரி போட்டு வச்சிருக்காங்க. சுறா 0.979 பிபிஎம். அந்த ஊரு கிங் மேக்கரல், நம்ம வஞ்சிரம் மாதிரி மீனு, 0.73. மத்தி 0.013. நெத்திலி 0.016. இறால் 0.009. இப்ப கடை பில்லு பின்னாடியே நான் போட்ட கணக்க சொல்றேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேந்து வச்சிருக்க நிபுணர் குழு 2003ல சொன்ன அளவு, உடம்பு எடை கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம், அதுவும் வயித்துல இருக்க குழந்தைய மனசுல வச்சு போட்ட அளவு. என் தங்கச்சி 60 கிலோ, அப்ப வாரத்துக்கு 96. அந்த சராசரிப்படி 200 கிராம் சுறா தின்னா 196. ஒரே ஒரு நாள் ஒரு தட்டு சுறாப்புட்டுல ரெண்டு வாரக் கோட்டா காலி. அதே 200 கிராம் மத்தி தின்னா 2.6. 96ஐ தொடணும்னா அவ வாரத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல மத்தி திங்கணும். தின்னுருவா, அது வேற விஷயம்.

இங்க நியாயமா ஒண்ணு சொல்லணும். பால் சுறா சின்ன சாதி, ஆள் உசரத்துக்கு வர்ற பெருஞ்சுறா அளவுக்கு அதுல ஏறாது, அந்த 0.979 எல்லா சுறாவையும் சேத்த சராசரி. சரி, பால் சுறாதானேன்னு நானும் கொஞ்சம் தயங்குனேன். ஆனா அம்மா அந்த பேக்க கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துச்சு. துண்டு என் உள்ளங்கைய விட அகலம், நடுவுல குருத்தெலும்பு வட்டம் ஒரு ரூவா காசு சைஸு, தோலு உரிச்சிருக்கு. "ஏண்டி, பால் சுறாவோட நடுத்துண்டு இவ்ளோ அகலமாவா இருக்கும், இது வேற ஏதோ பெரிய சுறாவோட வால் பக்கம்டி"ன்னுச்சு. தோல் இருந்தா சொரசொரன்னு உப்புக்காகிதம் மாதிரி இருக்கும், கலர பாத்தாவது ஓரளவு சொல்லலாம், உரிச்சிட்டா எல்லா சுறாவும் ஒண்ணுதான். கடைக்காரரையும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கே வெட்டுன துண்டாதான் வருதாம், பொட்டில பால் சுறான்னு எழுதியிருந்துச்சாம்.

அதே மாதிரி சுறா பேக்க பிரிச்சா மூக்குல ஏறுற ஒரு நெடி வரும், ஒரு அக்கா கடைல அதுக்கு சண்டை போட்டுட்டு இருந்தாங்க அமோனியா போட்டிருக்கீங்கன்னு. பாவம் ஓனரு. சுறாவுக்கு இயற்கையாவே சதைல யூரியா உண்டு, செத்தப்பறம் அது அமோனியாவா மாறும், யாரும் போட வேணாம். ஆக ஜனங்க பயப்பட வேண்டாததுக்கு பயப்படுறாங்க, பயப்பட வேண்டியத கேட்டு வாங்கி கைக்குழந்தைக்காரிக்கு ஊட்டுறாங்க.

டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேப்பீங்க. செக்கப்புக்கு போனப்ப தங்கச்சியே கேட்டா. "மீன் நிறுத்தாதம்மா, பெரிய மீன நிறுத்து"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. மீன்ல இருக்க கொழுப்புச்சத்து குழந்தையோட மூளைக்கு வேணும், அதனால மீனே வேணாம்னு ஓடுறதும் தப்பு. எஃப்டிஏவும் பாதரசம் கம்மியான மீனா பாத்து வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, தடவைக்கு 113 கிராம் போல, கர்ப்பிணிங்க சாப்பிடலாம்னுதான் சொல்லுது, சுறா, வாள்மீன், கிங் மேக்கரல், பெருங்கண் சூரை இதெல்லாம்தான் வேணாங்குது. தாயோட ரத்தத்துல இருக்க மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடி தாண்டி போயிரும், தொப்புள்கொடி ரத்தத்துல தாயை விட கூடுதலாவே இருக்கும்.

ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு ஊரு. அங்க ஒரு கெமிக்கல் ஃபேக்டரி 1932ல இருந்து 1968 வரைக்கும் மீத்தைல் பாதரசம் கலந்த கழிவ வளைகுடால விட்டுச்சு. முதல்ல மீன் தின்ன பூனைங்கதான் வெறி புடிச்ச மாதிரி ஆடி கடல்ல போய் விழுந்துச்சாம், அப்பறம் மனுஷங்க, 1956லதான் இப்படி ஒரு நோய்னு அதிகாரப்பூர்வமா பதிஞ்சாங்க. அம்மாக்களுக்கு பெருசா ஒண்ணும் இல்லாம, அவங்க பெத்த குழந்தைங்க கை கால் விளங்காம பொறந்துச்சு. நான் இதை ஏன் சொல்றேன்னா, அந்த ஊரு ஜனங்க தின்னது அழுகுன மீன் இல்ல. அன்னைக்கு புடிச்சு அன்னைக்கே சமைச்ச மீன், நம்ம கடைல கிடைக்கறத விட ஃப்ரெஷ்ஷு. நம்ம கடைக்கு வர்ற மீன்ல அந்த அளவு விஷம் இருக்குன்னு நான் சொல்லவே இல்ல, யாரும் அப்படி கிளப்பி விடாதீங்க. ஃப்ரெஷ்ஷுங்கறது வேற, இது வேறன்னு சொல்ல வர்றேன். நம்ம மாநிலத்துலயே கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடுனது பாதரசத்துனாலதான், மலை மேல குளுகுளுன்னு இருக்க ஊருலயே அது புகுந்துச்சு.

சரி வீட்டு சண்டைக்கு வருவோம். அம்மாவுக்கு சுறாப்புட்டு போடாம பிரசவமே கிடையாது. என்னைப் பெத்தப்ப ஆயா முதுநகர்ல இருந்து பஸ்ல தூக்குல போட்டு எடுத்துட்டு வந்துச்சாம். சுறாவ மஞ்சத்தண்ணில வேக வச்சு, தோல வழிச்சு எறிஞ்சு, சதைய உதுத்து, பிழிஞ்சு, சின்ன வெங்காயம் ஒரு படி, பூண்டு அதைவிட கூட, பச்சை மிளகாய், மிளகு, கறிவேப்பிலைன்னு வதக்கி இறக்குனா, அந்த வாசத்துக்கு பக்கத்து வீட்டு ஆளுங்க காரணம் கண்டுபிடிச்சு வருவாங்க. பால் ஊறும்னு நம்பிக்கை. "அப்ப நீ என்ன பைத்தியமாவா பொறந்த"ன்னு அம்மா கேட்டுச்சு. கேக்கறது நியாயம்தான், பதில் சொல்ல கஷ்டமா இருந்துச்சு. ஒரு தடவை தின்னா யாரும் விழுந்துர மாட்டாங்க, அந்த வார அளவே வாழ்நாள் பூரா வாரா வாரம் தின்னா என்ன ஆகும்னு கணக்கு போட்டதுதான். ஆனா உள்ள போனது பாதியா குறையறதுக்கே கிட்டத்தட்ட 50 நாள் ஆகும், அதுக்குள்ள அடுத்த பேக்கு, அதுக்கடுத்த பேக்கு. ஆயா வருஷத்துக்கு ஒரு தடவை தூக்குல கொண்டு வந்துச்சு, இந்த கடைல வாராவாரம் சப்ஸ்கிரிப்ஷன் எடுத்தா 10 பர்சென்ட் டிஸ்கவுண்டு. அதை சொன்னப்பறம்தான் அம்மா வாய மூடுச்சு. மூடுச்சுன்னா ரெண்டு நாள் பேசல.

ஓனர் அண்ணன்கிட்ட தனியா கூப்ட்டு சொன்னேன், கூட்டம் இருக்கறப்ப சொன்னா நல்லா இருக்காதுன்னு. பொறுமையா கேட்டாரு. அவரு ஒரு கேள்வி கேட்டாரு, அது நல்ல கேள்வி. "அக்கா, நெட்ல மேக்கரல் சாப்பிடாதன்னு போட்டிருக்கான், அப்ப நம்ம அயிலையும் விக்கக்கூடாதா?" இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. அவங்க வேணாங்கறது கிங் மேக்கரல், அது நம்ம வஞ்சிரத்துக்கு பங்காளி, ஒரே குடும்பம், நீளமா பல்லு வச்சுக்கிட்டு மத்த மீன துரத்தி திங்கற சாதி. நம்ம அயிலை, கானாங்கெளுத்தின்னும் சொல்வாங்களே, அது கையளவு மீனு, மிதக்கற சின்ன உயிருங்கள தின்னுட்டு வாழுது. பேரு ஒண்ணா இருக்கேன்னு நல்ல மீன விட்டுட்டு, தமிழ்ல வஞ்சிரம்னு பேரு இருக்கறதால அதை தெம்பா வாங்கிட்டு போறாங்க. அந்த ஊரு நம்பர அப்படியே நம்ம வஞ்சிரம் மேல ஒட்ட முடியாது, கடல் வேற, இனம் வேற. எனக்கும் உங்களுக்கும் எப்பவாவது ரெண்டு துண்டு வஞ்சிரம் வறுவல் தின்னா ஒண்ணும் இல்ல, நானே திம்பேன். வயித்துப்புள்ளக்காரிக்கு வாராவாரம்னு ஸ்டிக்கர் ஒட்டாதீங்கன்னுதான் சொன்னேன். சூரைலயும் அப்படித்தான், சின்ன சூரைக்கும் ஆளு கனத்துக்கு வர்ற பெரிய சூரைக்கும் நிறைய வித்தியாசம். கோடெக்ஸ்னு சர்வதேச உணவு தர அமைப்பு 2018ல மீத்தைல் பாதரசத்துக்கு உச்ச அளவு வச்சதே சூரைக்கு கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், சுறாவுக்கு 1.6ன்னு. மத்திக்கு அப்படி தனியா ஒரு அளவு அதுல கிடையாது.

அடுத்த வாரம் போனா பேக்குல சுறா இல்ல! சந்தோஷமா கிட்ட போய் பாத்தேன். சுறாவுக்கு பதிலா சீலா மீனு. அதுவும் பல்லு வச்ச வேட்டைக்கார மீனுதான். அண்ணன் சிரிச்ச மூஞ்சியா "மாத்திட்டேன் அக்கா"ங்கறாரு, நான் என்னத்த சொல்ல.

இப்ப டெலிவரி கூத்து. தங்கச்சிக்காக வாட்ஸ்அப்ல நெத்திலி அரை கிலோ, மத்தி ஒரு கிலோ ஆர்டர் போட்டேன். பதினோரு மணிக்கு சொன்னது, ஒண்ணே முக்காலுக்கு வந்துச்சு, சோறு ஆறிப்போச்சு, ராகி களி கல்லாயிருச்சு. தெர்மாகோல் பெட்டிய தொறந்தா மத்தி இருக்கு, நெத்திலி இல்ல, அதுக்கு பதிலா தடிமனா நாலு துண்டு வஞ்சிரம், மேல ஒரு சீட்டு, "நெத்திலி ஸ்டாக் இல்லை, உங்களுக்காக ஃப்ரீ அப்கிரேட், எக்ஸ்ட்ரா காசு வேண்டாம்". 280 ரூவா கிலோ மீனுக்கு பதிலா 1100 ரூவா கிலோ மீனு, சும்மா குடுத்திருக்காங்க. வேற யாரா இருந்தாலும் அஞ்சு ஸ்டார் போட்டு ஃபோட்டோ போட்டிருப்பாங்க. நான் ஃபோன் பண்ணி நெத்திலிதான் வேணும்னு சொன்னா அந்தப்பக்கம் இருந்த பொண்ணுக்கு புரியவே இல்ல, "மேடம் வஞ்சிரம் காஸ்ட்லி மேடம்"ன்னு திரும்பத் திரும்ப சொல்லுது. வஞ்சிரத்த நானும் அப்பாவும் தின்னோம், ருசின்னா அப்படி ஒரு ருசி, தங்கச்சி எதிர்ல உக்காந்து மத்தி முள்ள ஆஞ்சிக்கிட்டே எங்கள முறைச்சா. ஆர்டர் மாத்துனா ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்கப்பா. அதனாலதான் டெலிவரிக்கு 2.

இந்த கடைல எது வாங்கலாம்னா, கண்ண மூடிட்டு மத்தி. கிலோ 180க்கு குடுக்கறாங்க, செதில் வழிச்சு குடுக்க 20 ரூவா தனி. கொழுப்பு ஏறுன சீசன்ல வயித்துப் பக்கம் பொளபொளன்னு உடையும், மண்சட்டில நம்ம பக்கத்து மாங்காய் ரெண்டு கீத்து போட்டு குழம்பு வச்சு, மறுநாள் காலைல களிக்கு ஊத்தி தின்னா, வேற எதுவும் எழுத வரல எனக்கு. நெத்திலி காலைல எட்டு மணிக்குள்ள போனாத்தான். அயிலை நல்லா இருக்கு. சங்கரா சுமாரு, அது எப்பவுமே ஒரு நாள் பழசா இருக்கு. இறால் சுத்தம் பண்ணி தர்றாங்க, நரம்பு எடுக்க சொல்லி நிக்கணும், இல்லன்னா எடுக்க மாட்டான் அந்த தம்பி. கணவா நான் வாங்குனதில்ல.

கடல் மீனே வேணாம்டான்னு நெனைக்கறவங்களுக்கு நம்ம ஊர்லயே வழி இருக்கு. கிருஷ்ணகிரி டேம்ல, ஒகேனக்கல்ல கிடைக்கிற கட்லா, ரோகு எல்லாம் பாசியும் நுண்ணுயிரும் திங்கற சாதி, பாதரச கணக்குல அது கீழ்ப்படி. ஆனா ஆத்து மீனுன்னா சுத்தம்னு மார் தட்டிக்கவும் முடியாது, தென்பெண்ணைல ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கிட்ட மழைக்காலத்துல நுரை மலையா பொங்கி ரோட்டுக்கு வர்றத எத்தன தடவை நியூஸ்ல பாத்தாச்சு, அதுல என்னென்ன கலந்திருக்கோ. அதனால நான் குளத்துல வளத்த கட்லாவ, தெரிஞ்ச ஆளுகிட்ட, உயிரோட தொட்டில நீந்தறப்பவே காட்டி வாங்கறேன்.

அம்மா கடைசில அந்த கட்லாவ வச்சே புட்டு பண்ணுச்சு. முள்ளு எடுக்கவே முக்கா மணி நேரம், நானும் அப்பாவும் கண்ணாடி போட்டுட்டு உக்காந்தோம். சுறாவோட அந்த பஞ்சு மாதிரி உதிரி வரல, கொஞ்சம் குழைஞ்சுச்சு. பூண்டு வாசம் மட்டும் அதே. தங்கச்சி ரெண்டு தடவை வாங்கி சாப்ட்டா, அம்மா ஒரு வாய் வச்சுட்டு "ம், உப்பு சரியா இருக்கு"ன்னுச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல.

போறவங்களுக்கு: திங்கக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு லோடு இறங்குது, எட்டரைக்கு மேல போனா மத்தி, நெத்திலி காலி, வஞ்சிரமும் சுறாவும்தான் மிஞ்சி கிடக்கும். ஜிபே எடுக்கும், சில நேரம் நெட்வொர்க் கிடைக்காது, சில்லறை கொண்டு போங்க. வண்டிய கடை எதிர்ல விடாதீங்க, பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரரு சத்தம் போடுறாரு. நேத்து போனப்ப அந்த பேக்கு ஸ்டிக்கர்ல "கர்ப்பிணிகளுக்கும்"ங்கற வார்த்தை மேல மட்டும் வெள்ளை பேப்பர் ஒட்டியிருந்துச்சு, ஓரம் கொஞ்சம் பிரிஞ்சு கீழ எழுத்து தெரியுது. இந்த வாரமும் மத்தி ஒரு கிலோ வாங்கிட்டு வந்தேன்.